இரண்டு மோட்டாரும் ஒரு நாக்கும்

என் அக்கா புருஷனை இந்த ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'நாக்கு' என்றால்தான் ஆளைத் தெரியும். கொஞ்சம் மரியாதை தெரிந்தவர்கள் 'நாக்கு சார்' என்பார்கள். நாக்கோடு ஒரு சாரைச் சேர்த்துவிட்டால் மரியாதை வந்துவிடுமா என்ன? அவருக்கு இதில் துளியும் வருத்தம் கிடையாது. வாசலில் பெயர்ப்பலகை எழுத வந்த பெயின்டர், "நாக்குன்னே எழுதிடவா சார்?" என்று கிண்டலாகக் கேட்டபோது மனிதர் ஒரு நிமிடம் நிஜமாகவே யோசித்தார். அக்காதான் உள்ளேயிருந்து கரண்டியோடு வந்து காப்பாற்றினாள்.

அத்தானுக்கு வேலை, நகராட்சிக் குடிநீர்க் கிணற்றில் மோட்டார் ஓட்டுவது. சுவிட்சைப் போட்டால் ஓடப்போகிறது, இதில் என்ன பெரிய வேலை என்று நானும் ஒரு காலத்தில் நினைத்தவள்தான். ஆனால் எங்கள் ஊர் கடலை ஒட்டிய ஊர். மண்ணுக்கு அடியில் முழுக்க உப்புத் தண்ணீர். அதற்கு மேலே, காய்ச்சின பாலில் ஆடை படிந்த மாதிரி, கொஞ்சம் நல்ல தண்ணீர் மிதக்கிறது. அந்த ஆடையைத்தான் ஊரே குடிக்கிறது. அவசரப்பட்டு உறிஞ்சினால் அடியில் இருக்கும் உப்பு குழாய்க்கு நேர் கீழே மேடு மாதிரி எழும்பி வந்துவிடும். ஒரு தடவை முழுசாக ஏறிவிட்டால் இறங்க வருஷக்கணக்கில் ஆகும். ஏறுவதற்கு மட்டும் ஒரு வாரமே போதும்.

அதனால் எங்கள் கிணற்றில் இரண்டு குழாய், இரண்டு மோட்டார். மேல் மோட்டார் நல்ல தண்ணீரை எடுத்துத் தொட்டிக்கு அனுப்பும். கீழ் மோட்டார் ஆழத்தில் இருக்கும் உப்புத் தண்ணீரை எடுத்து, நேராகக் கால்வாயில் கொட்டும். கால்வாய் வழியாக அது கடலுக்கே போய்விடும். "மேல ஒருத்தன் இழுக்கும்போது கீழ ஒருத்தன் காலைப் பிடிச்சு இழுக்கணும். அப்பத்தான் உப்பு மேல வராது" என்பார் அத்தான். எந்த மோட்டாரை எவ்வளவு நேரம் ஓட்டுவது என்பதுதான் வித்தை. அதைத் தீர்மானித்தது அவருடைய நாக்கு.

மாதம் ஒரு பாட்டில் தண்ணீர் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். முடிவு வந்து சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் கிணறு உப்பாகி ஊரே கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். ஆகவே தினமும் காலை ஆறு மணிக்கு அத்தான் மேல் குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடித்து, ஒரு வாய் ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு துப்புவார். "இன்னைக்கு மேல ஒரு மணி நேரம் கம்மி" என்பார். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷத்தில் ஒரு நாள்கூட அந்தக் கணக்கு தப்பியதில்லை. ஊராருக்கு உப்பு தெரிவதற்குப் பத்து நாள் முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.

ஊருக்கு நல்லது. வீட்டுக்கு? அதைக் கேட்காதீர்கள். சோதனை முடியும்வரை நாக்கில் உப்பு படக்கூடாதாம். அதனால் அந்த வீட்டில் காலைச் சாப்பாட்டுக்கு உப்பே கிடையாது. முட்டையை உடைத்து வதக்கினாலும் உப்பில்லை, உருளைக்கிழங்கு அவித்தாலும் உப்பில்லை. "ருசி பாத்துட்டு வந்து சாப்பிட்டா என்ன கெட்டுப் போச்சு அத்தான்?" என்று கேட்டேன். "வெறும் வயித்துல நாக்கு பொய் சொல்லும்" என்றார். சரி, அவருக்கு மட்டும் தனியாக எடுத்து வைக்கக் கூடாதா? கூடாது. கரண்டியில் உப்பு ஒட்டிவிடுமாம். இரண்டு பெண்கள் அந்த வீட்டில் வளர்ந்தார்கள். இரண்டு பேரும் சொல்லிவைத்த மாதிரி தூரத்து ஊர்களில் கல்யாணம் பண்ணிக்கொண்டு போனார்கள். காலைச் சாப்பாடுதான் காரணம் என்று நான் இன்றைக்கும் சத்தியம் செய்வேன். நானும் அந்த வீட்டுக்குக் காலையில் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

நான் என்றால், இரண்டு தெரு தள்ளிச் சலவைக்கடை வைத்திருக்கும் கொழுந்தியாள். அத்தான் என்னை இன்னும் 'சின்னவளே' என்றுதான் கூப்பிடுவார். சின்னவளுக்குக் கண்ணாடி போட்டு, தலையும் பாதி நரைத்தாயிற்று.

போன வருஷம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரம் படுக்கை. எழுந்து வேலைக்குப் போன இரண்டாம் நாள் காலையில், கடை திறந்த உடனே வந்து நின்றார். முகம் வெளிறிக் கிடந்தது.

"உப்பு வச்சிருக்கியா?"

புதுச் சாயத் துணி வந்தால் சாயம் போகாமல் இருக்க உப்புத் தண்ணீரில் ஊறவைப்போம். அதற்காகக் கல்லுப்பு ஒரு டப்பா எப்போதும் கடையில் இருக்கும். எடுத்து நீட்டினேன். மனிதர் ஒரு கை நிறைய அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். சர்க்கரையை மெல்லுகிற மாதிரி மென்றார். எனக்கு நாக்கு சுருண்டுபோயிற்று, அவருக்கு ஒன்றுமே ஆகவில்லை.

"ஐயையோ, துப்புங்க அத்தான்! என்ன கூத்து இது?"

"ஒண்ணும் தெரியல" என்றார். "நேத்து மேல் தண்ணி குடிச்சேன், நல்லா இருந்துச்சு. சந்தேகமா இருந்துச்சுன்னு இன்னைக்குக் கீழ் தண்ணி குடிச்சேன். அதுவும் நல்லா இருந்துச்சு."

கீழ் தண்ணீர் என்றால் கிட்டத்தட்ட கடல். அதை ஒரு டம்ளர் குடித்துவிட்டு நல்லா இருந்தது என்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவர் இஸ்திரி மேசையைப் பிடித்துக்கொண்டு, "எனக்குப் பயமா இருக்கு சின்னவளே" என்று சொன்னதும் சிரிப்பு போய்விட்டது. அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை.

டாக்டர், காய்ச்சலில் நரம்பு கெட்டிருக்கிறது, திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்று இரண்டு பக்கமும் தலையாட்டி அனுப்பிவிட்டார். ஆபீசில் சொன்னால் அத்தானை வரி கட்டும் ஜன்னலில் உட்காரவைத்துவிட்டு வேறு ஆளைப் போடுவார்கள். ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம். அது போகட்டும், ஜன்னலில் உட்கார்ந்தாலும் சம்பளம் வரும். அவர் கவலை கிணற்றைப் பற்றி. ஏனென்றால் நகராட்சித் தலைவர் அப்போதே கீழ் மோட்டார் மேல் ஒரு கண் வைத்திருந்தார்.

தலைவர் கெட்டவர் இல்லை, செருப்புக்கடைக்காரர். செருப்பைப் பற்றி எது கேட்டாலும் சரியாகச் சொல்வார். தண்ணீரைப் பற்றித்தான் அவருக்குச் செருப்பு அளவுக்குத் தெரியாது. தேர்தலில், 'வீணாகும் தண்ணீரை நிறுத்துவேன்' என்று சுவர் சுவராக எழுதி ஜெயித்தவர். ஊரில் பாதிப் பேர் கால்வாய் ஓரமாக நடக்கும்போதெல்லாம், குழாயிலிருந்து கொட்டும் தண்ணீரைப் பார்த்து வயிறெரிகிறவர்கள். "நமக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணி, கால்வாய்க்கு மட்டும் தினமும் தண்ணியா?" என்று மனு எழுதுவார்கள். அது உப்புத் தண்ணீர், குடித்துப் பாருங்கள் என்றால் கால்வாய்த் தண்ணீரை யார் குடிப்பார்கள்? அத்தானின் நாக்கு இருக்கிறவரைக்கும், "நாக்கு சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஊர் வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த நாக்கு செத்துவிட்டது என்று தெரிந்தால் மறுநாளே கீழ் மோட்டாரை நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் கிணறு என்ன ஆகும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

"அக்காகிட்ட சொன்னீங்களா?" என்றேன்.

"அவ பாவம், பயந்துருவா. சொல்லாதே."

பயப்படுவதற்கு என் அக்காவா! இருந்தாலும் சரி என்றேன். ஒரு ரகசியம் தானாக மடியில் வந்து விழும்போது வேண்டாம் என்று சொல்லும் வளர்ப்பு எனக்கில்லை.

"எனக்கு நாக்கு வேணாம் அத்தான்" என்றேன். "எனக்குச் சோப்பு போதும்."

தண்ணீரில் உப்பு ஏறினால் சோப்பு நுரைக்காது. இது சலவைக்காரிக்குக் கை சொல்லும். அத்தான் "மேல கம்மி" என்று அந்தக் காலத்தில் சொன்ன நாட்களில் எல்லாம் என் தொட்டியில் சோப்பு கூடுதலாகக் கரைந்திருக்கிறது. மறுநாளிலிருந்து ஏற்பாடு ஆரம்பமானது. காலை ஆறு மணிக்கு அத்தான் கிணற்றில் எல்லோரும் பார்க்க டம்ளரை வாயில் வைத்து, கண்ணை மூடி, துப்பி, "யோசிச்சுச் சொல்றேன்" என்பார். சட்டைப் பையில் ஒரு சின்ன பாட்டிலோடு ஆறேகாலுக்கு என் கடைக்கு வருவார். நான் சோப்பில் விரல் நகம் அளவு ஒரு சீவல் போட்டு, இருபது தடவை குலுக்கி, நுரை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்ப்பேன். சட்டென்று அமுங்கினால், "மேல கம்மி பண்ணுங்க." நின்றால், "ஓட்டுங்க." அவர் திரும்பிப் போய் அதையே கம்பீரமாக அறிவிப்பார். மாத முடிவுகள் வந்தபோதெல்லாம் எங்கள் சோப்பும் பரிசோதனைக் கூடமும் ஒத்துப்போயின. "நாக்கு சார், உங்களுக்கு வயசாக ஆக நாக்கு கூராகுது" என்று ஆபீஸ் குமாஸ்தா புகழ்ந்தார். அன்றைக்கு அத்தான் என் கடையில் வந்து வெட்கப்பட்டார். நான் வெட்கப்படவில்லை. புகழ் எனக்குத்தானே.

இப்படி ஆறு மாதம் ஓடிற்று. அப்புறம் தலைவருக்குச் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு திங்கட்கிழமை கீழ் மோட்டாரை மூன்று நாள் நிறுத்திவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. அத்தான் நேரே போய் நின்றார்.

"தலைவரே, மூணு நாள்ல உப்பு மேல வர ஆரம்பிச்சுரும்."

"வந்தா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப ஒண்ணு பண்ணுவோம். வியாழக்கிழமை மீட்டிங் ஹால்ல அஞ்சு டம்ளர் வைக்கிறேன். மூணுல இன்னைக்கு எடுத்த தண்ணி, ரெண்டுல மூணு நாளைக்கு அப்புறம் எடுத்த தண்ணி. அந்த ரெண்டையும் நீங்க சொல்லிட்டா கீழ் மோட்டாரை நான் தொடவே மாட்டேன். சொல்லலேன்னா அது இனிமே ஓடாது. உங்களுக்கும் வேற வேலை பாத்துடலாம்."

அத்தானுக்கு வேறு வழி? "சரி" என்று சொல்லிவிட்டு வந்து, என் கடை ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஊர் முன்னாடி பாட்டில் குலுக்க முடியாது சின்னவளே. மாட்டிக்கிட்டோம்."

"மாட்டிக்கிட்டோம்னு யாரு சொன்னா? வாயை மூடிட்டு உக்காருங்க" என்றேன். எனக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் மூளை நன்றாக வேலை செய்யும். அத்தானின் வெள்ளைக் கைக்குட்டைகள் பத்தை எடுத்து, சோப்பை அளந்து கரைத்து, ஒவ்வொன்றையும் ஒரே அளவு முக்கி, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அடுக்கினேன். பார்த்தால் மாப்பிள்ளை கைக்குட்டை மாதிரி இருந்தது. ஒவ்வொரு டம்ளரிலிருந்தும் கொஞ்சம் தண்ணீரைக் கைக்குட்டையில் ஊற்றிக் கசக்கிக் கையைத் துடைக்க வேண்டியது. அப்புறம்தான் குடிக்க வேண்டியது. நுரையை நான் முன் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன். அத்தானுக்கு நுரை பார்க்கத் தெரியாது. ஒரு தடவை சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன். எல்லா நுரையும் அவருக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"நல்ல தண்ணின்னா நான் மூக்குக் கண்ணாடியைத் தள்ளி விடுவேன். உப்புன்னா தும்முவேன். புரிஞ்சுதா?"

"தும்முறதா? சந்தேகம் வராதா?"

"நான் தும்முறது ஊருக்கே பழக்கம்தானே. காலம் பூரா சோப்புத் தூள்ல நிக்கிறேன்."

வியாழக்கிழமை ஹால் நிரம்பி வழிந்தது. மேலே மின்விசிறி கடகடவென்று ஓடி, ஒரு வருஷத் தூசியைத் தாராளமாக எங்கள் தலையில் போட்டது. மேசையில் ஐந்து கண்ணாடி டம்ளர்கள். குமாஸ்தா பக்கத்தில் இரண்டு கேன்களை வைத்துக்கொண்டு, கல்யாண வீட்டில் மொய்யைத் தொலைத்தவர் மாதிரி முழித்துக்கொண்டிருந்தார். அக்கா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்க்கவே இல்லை. பார்த்தால் என் மூஞ்சியே காட்டிக்கொடுத்துவிடும்.

அத்தான் பைக்குள்ளிருந்து கைக்குட்டைகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். ஹாலில் ஒரு சலசலப்பு.

"இது எதுக்கு?" என்றார் தலைவர்.

"முறை" என்றார் அத்தான். "கை சுத்தமா இருந்தாத்தான் நாக்கு சுத்தமா இருக்கும்."

இருபத்தாறு வருஷத்தில் இல்லாத முறை அன்றைக்குப் பிறந்தது. ஒரு ஆள் வாயைத் திறக்கவேண்டுமே? கம்பீரமாகச் சொல்லிவிட்டால் எதையும் நம்புகிற ஊர் எங்கள் ஊர்.

முதல் டம்ளர். ஊற்றினார், கசக்கினார், என் பக்கமாகத் திரும்பிக் கையை விரித்தார். நுரை பொங்கி நின்றது. நான் கண்ணாடியைத் தள்ளினேன். அவர் குடித்து, கண்ணை மூடி, துப்பினார். என்ன நடிப்பு! எனக்கே நம்பத் தோன்றிற்று. இரண்டாவது, நல்ல நுரை. கண்ணாடி. மூன்றாவது, அதுவும் நல்ல நுரை. சரி, மூன்று நல்லதும் முடிந்தது, இனி வருவது இரண்டும் உப்பு என்று தும்முவதற்குத் தயாராக மூக்கைக் கூர்மையாக்கி வைத்துக்கொண்டேன்.

நான்காவது டம்ளரும் பொங்கிற்று.

சோப்பைக் கூடுதலாகப் போட்டுவிட்டேனா? மூன்று நாளில் உப்பு ஏறவே இல்லையா? ஆனால் காலையில்தான் பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தேன், நுரை அரை நிமிடம்கூட நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் கண்ணாடியைத் தள்ளினேன். ஐந்தாவதைக் கசக்கினார். அதுவும் பொங்கிற்று. அதே நேரத்தில் மேலேயிருந்து ஒரு பிடி தூசி சரியாக என் மூக்கில் வந்து இறங்கியது.

நிஜத் தும்மல். மூக்கின் நுனிவரை வந்துவிட்டது. மனசு ஒரு பக்கம், 'தும்மிடு, எப்படியும் ரெண்டு உப்பு இருக்கணும், இது ஒண்ணாவது சரியா இருக்கும்' என்றது. இருக்கலாம். ஆனால் அத்தனை அழகான நுரையைப் பார்த்து உப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நானும் முப்பது வருஷம் தொட்டிக்கு முன்னால் நின்றவள். முந்தானையை மூக்கில் அடைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, ஒரு கையால் கண்ணாடியைத் தள்ளினேன்.

அத்தான் என்னைப் பார்த்தார். ஐந்தும் நல்லது என்கிறேன், இரண்டு உப்பு இருக்கவேண்டும். அவருக்கு நாக்கு இல்லை. என் பேச்சு ஒன்றுதான். அவர் நம்பாமல் போயிருந்தால்கூட நான் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டேன்.

"என்ன நாக்கு சார்?" என்றார் தலைவர். சிரிப்பு காதுவரைக்கும் போயிருந்தது. "எந்த ரெண்டு?"

அத்தான் கடைசிக் கைக்குட்டையை மெதுவாக மடித்து வைத்தார்.

"உப்பு ஏறின தண்ணி இதுல எங்க இருக்கு தலைவரே? அஞ்சும் ஒரே தண்ணி. திங்கட்கிழமைத் தண்ணி."

ஹாலில் ஊசி விழுந்தாலும் கேட்டிருக்கும். விழுந்தது ஊசியில்லை, குமாஸ்தாவின் கையிலிருந்த கேன் மூடி. அது உருண்டு உருண்டு தலைவர் காலடியில் போய்ப் படுத்தது.

"நான் அப்பவே சொன்னேன் சார், வேணாம்னு" என்றார் குமாஸ்தா. அழாத குறை.

விஷயம் இதுதான். ஐந்திலும் பழைய தண்ணீரையே ஊற்றி வைத்திருந்தார்கள். அத்தான் எந்த இரண்டைச் சொன்னாலும், "எல்லாம் ஒரே கேன் தண்ணிதான், இவர் நாக்கு வெறும் கதை" என்று எல்லோர் முன்னாலும் அம்பலப்படுத்துவது தலைவர் திட்டம். ஹால் ஒரேயடியாகக் கொந்தளித்தது. எனக்கு அடக்கி வைத்திருந்த தும்மல் அப்போதுதான் வெடித்தது. ஒன்றல்ல, மூன்று. முன் வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

தலைவர் பெரிய ஆள்தான். ஒரு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "சோதனைக்கே ஒரு சோதனை வச்சேன்" என்றார். அதற்கும் நாலு பேர் கை தட்டினார்கள்! ஆனால் மீதி ஊர் விடவில்லை. எல்லோர் கண்முன்னாலும் இரண்டு கேனிலிருந்தும் ஊற்றச் சொன்னார்கள். அத்தான் முதுகைக் காட்டி நின்றார். குமாஸ்தா டம்ளர்களை இடம் மாற்றி மாற்றி வைத்தார். மிச்சம் ஐந்து கைக்குட்டை இருந்தது. பத்தாக எடுத்தது என் முன்யோசனை, அத்தானுடையது இல்லை. இதைப் பதிவு செய்கிறேன். இரண்டாவது டம்ளருக்கு நுரை எழும்பாமல் தயிர் மாதிரி திரிந்தது. தும்மினேன். நான்காவதற்கும் தும்மினேன். அத்தான் அந்த இரண்டையும் முன்னால் நகர்த்தி வைத்தார். குமாஸ்தா தலையாட்டினார். தலைவர் அங்கேயே, எல்லோர் முன்னாலும், கீழ் மோட்டாரைப் போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மறு வாரம் கால்வாய் ஓரத்தில் ஒரு பலகை வந்தது. 'இது உப்புத் தண்ணீர். வீணாகவில்லை. தலைவர்.' இப்போதும் அதன் கீழே நின்றுகொண்டு வயிறெரிகிறவர்கள் இருக்கிறார்கள், அது வேறு விஷயம்.

நாங்கள் செய்தது ஏமாற்று வேலையா? சந்தேகமென்ன, ஏமாற்று வேலைதான். எனக்குத் தூக்கம் கெடவில்லை. அத்தானுக்குத்தான் கெட்டது. அவரை எல்லோரும் வழியில் நிறுத்திக் கை குலுக்கினார்கள். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்கள். கடைக்கு வந்தால் என்னிடம், "செத்த நாக்குக்கு இவ்வளவு மரியாதையா சின்னவளே" என்பார். பாட்டில் தினமும் வந்தது. மனிதர் இளைத்தார். எதைச் சாப்பிட்டாலும் மண்ணைத் தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். கிணறு தப்பியது, ஆள் தப்பவில்லை. எனக்கு உண்மையாகவே துக்கமாக இருந்தது.

மீட்டிங் முடிந்து இரண்டு மாதம் இருக்கும். ஒரு நாள் விடிந்ததும் அக்கா வீட்டுக்குப் போகும்படி ஆயிற்று. என் கடைத் தண்ணீர்க் குழாய் வெடித்து, கட்டியிருந்த புடவையெல்லாம் நனைந்து, வேறு எங்கே போவது? அக்கா உலர்ந்த துணி கொடுத்து, "உக்காரு, சாப்பிடு" என்று தட்டை வைத்தாள். வதக்கின முட்டை, அவித்த உருளைக்கிழங்கு. அத்தான் எதிரே உட்கார்ந்திருந்தார். நானும் தலையெழுத்து என்று நினைத்து ஒரு வாய் போட்டேன்.

உப்பு இருந்தது.

கொஞ்சநஞ்சம் இல்லை. நன்றாகவே, தூக்கலாக. நிமிர்ந்து அக்காவைப் பார்த்தேன். அவள் அடுப்பு மேடைக்கு முன்னால் நின்றபடி, கண்ணால் என்னை ஒரு அதட்டு அதட்டினாள். பேசாமல் சாப்பிடு என்று அர்த்தம். அத்தான் ஒன்றும் தெரியாமல் மென்றுகொண்டிருந்தார். இவளுக்குத் தெரியுமா? எப்போதிலிருந்து தெரியும்? ரகசியத்துக்கு நான்தான் சொந்தக்காரி என்று எட்டு மாதமாக மார்தட்டிக்கொண்டிருந்தேனே.

அத்தான் இரண்டாவது வாய் போட்டார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். தட்டைப் பார்த்தார்.

"என்ன இது?" என்றார்.

அக்கா திரும்பினாள்.

"இதுல உப்பு இருக்கு" என்றார். குரல் உயர்ந்தது. "வேலைக்குப் போற நேரத்துல உப்பைக் கொட்டி வச்சிருக்கே! இருபத்தாறு வருஷமா சொல்றேன், ஒரு நாளாவது காதுல ஏறுதா உனக்கு? நான் இப்ப எப்படிப் போய்..."

அங்கே நின்றுவிட்டார். என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அவருக்கே அப்போதுதான் உறைத்தது. வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. இரண்டும்தான்.

"காய்ச்சல்ல எழுந்த மறுநாள் கை தவறிப் போட்டுட்டேன்" என்றாள். "திட்டுவீங்கன்னு பயந்து நின்னேன். நீங்க ஒண்ணுமே சொல்லாம சாப்பிட்டுட்டுப் போயிட்டீங்க. அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு. அப்புறம் தினமும் போட்டேன். தினமும் இப்படி எதிர்ல நின்னு பாத்தேன், எப்ப திட்டுவாருன்னு."

"எட்டு மாசமாவா?" என்றார் அத்தான்.

"எட்டு மாசமா. ஒரு நாள் விடல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீங்க எங்கிட்ட சொல்லியிருக்கலாமே. இவகிட்ட போய்ச் சொன்னீங்க." என் பக்கம் திரும்பினாள். "தும்முறாளாம் தும்மல்! கடைசி வரிசைக்கே தெரிஞ்சுதுடி."

எனக்குப் பேச வாய் வரவில்லை. அது அபூர்வம் என்பதால் இதையும் பதிவு செய்கிறேன். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார், மூக்கையும் துடைத்தார். சுவரில் மணி ஐந்து ஐம்பது. அவர் எழுந்து வாய் கொப்பளித்துவிட்டு ஓடுவார் என்று நினைத்தேன்.

எழவில்லை. தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடு" என்றார். ஒவ்வொரு வாயையும் கண்ணை மூடி மென்று, தட்டை வழித்துச் சாப்பிட்டு முடிக்க ஆறரை ஆயிற்று. பிறகு கிணற்றுக்குப் போய்ப் பாட்டிலில் தண்ணீர் பிடித்து வந்து என்னிடம் நீட்டினார். அன்றைக்குக் கிணற்றைச் சோப்புதான் பார்த்தது.